காட்டெருமைக்கு அனுமதி, காட்டுப்பன்றிக்குத் தடை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காட்டெருமை மேய்வது இப்போதெல்லாம் பெரிய செய்தி இல்லை. சாலையில் குறுக்கே நின்றால், அது போகும்வரை வண்டிகள் காத்திருக்கும். அப்படி நிற்கும்போது அதன் காலைக் கவனித்தால் குளம்பு நடுவே பிளந்து இரண்டாக இருப்பது தெரியும். வெயில் ஏறினால் சில்வர் ஓக் நிழலில் படுத்துக்கொண்டு, காலையில் அவசரமாக விழுங்கியதை மறுபடி வாய்க்கு வரவழைத்து நிதானமாக மெல்லும். பிளந்த குளம்பு, அசைபோடும் வாய். பைபிளின் மூன்றாம் புத்தகமான லேவியராகமம், பதினோராம் அதிகாரத்தில் நாலுகால் மிருகத்திடம் கேட்பது இந்த இரண்டு அடையாளங்களைத்தான். ஆகவே பண்டைய இஸ்ரவேலரின் சட்டப்படி நம் காட்டெருமை சுத்தமானது, உண்ணத் தகுந்தது. அதே தோட்டத்தில் இரவில் புகுந்து கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றிக்கும் குளம்பு பிளந்துதான் இருக்கிறது. ஆனால் அசைபோடாது. தள்ளுபடி.

சேர்வராயன் மலையின் மற்ற ஜீவன்களையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பார்க்கலாம். அடிவாரத்துக் குரும்பப்பட்டி பூங்காவில் நிற்கும் புள்ளிமான் தேறிவிடும். முயல் தேறாது. குரங்கு, உடும்பு, முள்ளம்பன்றி, கீரி எதுவும் தேறாது. நீரில் வாழ்வனவற்றுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும்: கெண்டை சரி, விரால் சரி, கெளுத்தி ஆகாது. ஓடைக் கல்லைப் புரட்டிப் பிடிக்கும் நண்டு ஆகவே ஆகாது. பறவைகளுக்கு அடையாளம் எதுவும் சொல்லவில்லை; விலக்கானவற்றின் பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கிறது. கழுகு, பருந்து, ஆந்தை, காகம் என்று இரை கிழிப்பவையும் பிணம் தின்பவையும் அதில் அதிகம். வௌவாலும் பறவைக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பூச்சிகளில் வெட்டுக்கிளி இனத்தில் நான்குக்கு மட்டும் அனுமதி. முதல் மழைக்குக் கிளம்பும் ஈசலைப் பிடித்து வறுத்துப் பொரியோடு தின்கிற நம் ஊர்ப் பழக்கம் அந்தச் சட்டத்தின் கண்ணில் அருவருப்பு. தேனீ விலக்கு, தேனுக்கு மட்டும் எப்படியோ தடையில்லை. தேன் பூவிலிருந்து சேர்த்தது, தேனீயின் உடம்பில் ஊறியதல்ல என்று பிற்கால ரபிகள் வாதாடி அதைக் காப்பாற்றிவிட்டார்கள். யூத மதத்தில் வக்கீல்களுக்கு எப்போதும் பஞ்சமில்லை.

அனுமதி கிடைத்துவிட்டது என்று காட்டெருமையை யாரும் சுட முடியாது. வனச் சட்டம் உள்ளே தள்ளும் என்பது ஒருபுறம். லேவியராகமச் சட்டத்தைக் கைக்கொள்பவர்களும் அந்தக் கறியைத் தொட மாட்டார்கள். சுட்டது, வலையில் நெரிபட்டது, தானாகச் செத்தது எதுவும் ஆகாது. பயிற்சி பெற்றவர், பிசிறில்லாத கத்தியால், தடங்கல் இல்லாமல் கழுத்தை அறுத்து ரத்தத்தை வடியவிட வேண்டும். பிறகு கறியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கல் உப்பு பூசி, சாய்வான பலகையில் வைத்து மிச்ச ரத்தத்தையும் இழுப்பார்கள். உயிர் ரத்தத்தில் இருக்கிறது, உயிர் கடவுளுக்குச் சொந்தம் என்பது அங்கே அடிப்படை. ஆதியாகமத்தின்படி மனிதனுக்கு முதலில் தரப்பட்டது செடியும் கனியும்தான். பிரளயத்துக்குப் பிறகுதான் நோவாவுக்குக் கறி அனுமதிக்கப்பட்டது, அதுவும் ரத்தம் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக கறி என்பதே ஒரு சலுகை. நம் ஊர் சைவர் ஒருவர் படித்தால் தலையாட்டுவார்.

ரத்தத்துக்குக் காரணம் சொன்ன சட்டம் பன்றிக்கும் கெளுத்திக்கும் ஒரு காரணமும் சொல்லவில்லை. நான் பரிசுத்தமானவன், என்னைச் சேர்ந்த நீங்களும் அப்படி இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு முடிப்பு வருகிறது, அவ்வளவுதான். பைபிளின் முதல் ஐந்து நூல்களான தோராவில், பிறந்த கதையோடு வரும் உணவு விலக்கு ஒன்று உண்டு: தொடை நரம்பு. யாக்கோபு ஓர் இரவு முழுக்க முகம் தெரியாத ஒருவரோடு மல்லுக்கட்டி, விடியும்போது இடுப்புப் பூட்டு பிசகி நொண்டிக்கொண்டு வந்தார்; அதனால் அவர் பிள்ளைகள் அந்த நரம்பைத் தின்பதில்லை. பன்றிக்கு இப்படியொரு கதை இருந்திருந்தால் இத்தனை நூற்றாண்டு அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சட்டம் கதை சொல்லவில்லை என்றால் மண்ணைத்தான் கேட்க வேண்டும். அது பிறந்த இடமும் ஒரு மலைநாடு. கி.மு. 1200-ஐ ஒட்டி, கானான் தேசத்தின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் மலைத்தொடரில் சின்னச் சின்னக் குடியிருப்புகள் திடீரெனப் பெருகின. இருநூறுக்கும் மேற்பட்டவற்றைத் தொல்லியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மதிலும் அரண்மனையும் இல்லாத ஊர்கள். படிப்படியாக வெட்டிய வயல், தானியக் குழி, ஆடு மாடு. நம் மலையோடு பார்த்தால் உயரம் குறைவு. எருசலேம் 750 மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டும்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பார்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். அண்ணன் தம்பிகள் மூவர் பிரிந்து ஆளுக்கொரு மலையாக ஏறினார்கள், அப்படித்தான் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் தங்கள் சனம் பரவியது என்பது அவர்கள் சொல்லும் கதை. இஸ்ரவேலரும் தங்களை வெளியூரிலிருந்து, எகிப்திலிருந்து வந்து மலையேறியவர்களாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். பானைகளையும் வீட்டு அமைப்பையும் பார்க்கிற ஆய்வாளர் பலர், அந்த மலைக்காரர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க் கானானியரே என்கிறார்கள். அப்படியானால் கீழே இருக்கிறவனுக்கும் மேலே இருக்கிறவனுக்கும் முகத்திலும் பேச்சிலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வித்தியாசம் தட்டில் இருந்தது.

கீழே கடற்கரைச் சமவெளியில் பெலிஸ்தர் இருந்தார்கள். ஏஜியன் கடல் பக்கத்திலிருந்து வந்து இறங்கியவர்கள். அஸ்கலோன், எக்ரோன், காத் போன்ற பட்டணங்களைப் பிடித்துக்கொண்டவர்கள். அந்தப் பட்டணங்களின் குப்பைமேடுகளைத் தோண்டினால் பன்றி எலும்பு நிறையக் கிடைக்கிறது. சில இடங்களில் கிடைத்த கால்நடை எலும்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மலை ஊர்களின் குப்பையில் ஆடு, செம்மறி, மாடு மட்டுமே. பன்றி இல்லை என்றே சொல்லிவிடலாம். தாவீது கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்குக் கோலியாத்தின் ஊர்க்காரர்கள் பன்றிக்கறி தின்றார்கள் என்பது ஆச்சரியமாக இராது. எலும்பை எண்ணிப் பார்த்து அதை நிறுவியது கடந்த நாற்பது ஐம்பது ஆண்டு வேலை. இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் போன்றவர்கள் ஒரு காலத்தில், பானையை வைத்துச் சொல்ல முடியாவிட்டாலும் பன்றி எலும்பு இல்லாததை வைத்து இது இஸ்ரவேலர் ஊர் என்று சொல்லிவிடலாம் என்று எழுதினார்கள்.

அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அந்தக் காலத்தில் சமவெளிக் கானானியரின் பல ஊர்களிலும் பன்றி அரிது என்று பிறகு தெரிந்தது. பெலிஸ்தரின் கிராமப்புறங்களிலும் குறைவுதான், பட்டணத்தில்தான் அதிகம். 2013-இல் லிதார் சபீர்-ஹென்னும் உடனிருந்தவர்களும் எலும்புக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தபோது, கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வடக்கே இருந்த இஸ்ரவேல் ராஜ்யத்து ஊர்கள் சிலவற்றில் பன்றி ஓரளவு உண்ணப்பட்டிருப்பதும், தெற்கே யூதாவில் அது அநேகமாக இல்லாததும் தெரியவந்தது. அந்தத் தெற்கிலும் ஒரு வேடிக்கை. எருசலேமில், தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில், கீகோன் ஊற்றுக்குப் பக்கத்து வீடு ஒன்றில், இடிந்த சுவரின் கீழே நசுங்கிக் கிடந்தது ஒரு பன்றிக்குட்டியின் முழு எலும்புக்கூடு. ஏழு மாதம்கூட நிரம்பாத குட்டி. கூடவே மீன் எலும்பும் ஆட்டெலும்பும் பறவை எலும்பும். கி.மு. எட்டாம் நூற்றாண்டு, ஏசாயா தீர்க்கதரிசி நடமாடிய காலம், கோயிலுக்குக் கூப்பிடு தூரம். அந்த வீட்டார் குட்டியை ஏதோ விசேஷத்துக்கு வளர்த்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆய்வு 2021-இல் வெளிவந்தது.

அதே ஆண்டு யோனத்தான் ஆட்லரும் மீனெலும்பு ஆய்வாளர் ஓம்ரி லெர்னாவும் முப்பது அகழாய்வு இடங்களின் ஏறத்தாழ இருபதாயிரம் மீனெலும்புகளைப் பற்றி ஒரு கட்டுரை போட்டார்கள். ராஜாக்கள் காலத்திலும், அதற்குப் பின் பாரசீக ஆட்சியிலும் யூதாவில் செதிலில்லாத கெளுத்தியினம் தாராளமாக உண்ணப்பட்டிருக்கிறது. பன்றியை மக்கள் தாமாகவே பெரும்பாலும் தொடவில்லை. கெளுத்தியை விட்டார்களா என்றால், இல்லை. எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு விதிகளுக்குப் பிறப்பு ஒன்றல்ல என்று நான் படிப்பது இதிலிருந்துதான். பன்றி விலக்கு முதலில் மலைக்காரர்களின் பழக்கம், சட்டம் பிற்பாடு வந்தது. மீன் விலக்கு முதலில் ஆசாரியர்களின் எழுத்து, பழக்கம் பிற்பாடு வந்தது.

மலைக்காரர்கள் ஏன் பன்றியை வளர்க்கவில்லை? இங்கேதான் மூன்று பெரிய கட்சிகள்.

முதல் கட்சி வைத்தியக் கட்சி. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: "அந்தக் காலத்துப் பெரியவங்க காரணம் இல்லாமலா வெச்சாங்க?" பன்னிரண்டாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மைமோனிடஸ் சுல்தான் சலாவுதீன் அரண்மனையோடு தொடர்புள்ள வைத்தியர், யூதச் சட்ட அறிஞர்களில் தலையானவர். பன்றி அசுத்தத்தைத் தின்கிற பிராணி, அதை அனுமதித்தால் வீடும் தெருவும் நாறும் என்பது அவர் வாதம். 1835-இல் லண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்ற மருத்துவ மாணவர் பிணத்தின் தசையில் சுருண்டிருந்த நுண்புழுவைக் கண்டார். 1860-இல் ஜெர்மனியில் அந்தப் புழு வேகாத பன்றிக்கறி வழியாக வந்து ஆளைக் கொல்வது உறுதியானது. மோசே முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று உற்சாகமாகிவிட்டார்கள். எனக்கு இந்தக் கட்சியில் நம்பிக்கை இல்லை. தின்ற பல நாள் கழித்து வரும் காய்ச்சலை இன்ன கறியால் வந்தது என்று அந்தக் காலத்தவர் கண்டுபிடித்திருக்க வழியில்லை. ஆட்டுப்பாலில் வரும் காய்ச்சலும் மாட்டில் வரும் அடைப்பான் நோயும் சுத்த மிருகங்களிடமிருந்தே வருபவை. வியாதிதான் காரணம் என்றால் சட்டம் "நன்றாக வேகவை" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒட்டகத்தையும் முயலையும் சேர்த்துத் தள்ளியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கட்சி வரவு செலவுக் கட்சி. அமெரிக்க மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ் 1974-இல் இதை விறுவிறுப்பாக எழுதினார். பன்றிக்கு வியர்க்காது, நிழலும் சேறும் வேண்டும். புல்லைத் தின்று பிழைக்காது. மனிதன் தின்கிற தானியத்தையும் கிழங்கையும் கேட்கும். பால் கறக்க முடியாது, ஏர் பூட்ட முடியாது, கம்பளி கிடையாது, மேய்ச்சலுக்கு நெடுந்தூரம் ஓட்டிப்போக முடியாது. வறண்ட நாட்டில் அது வளர்ப்பவனுக்கே போட்டி. ஆகவே ஆசையை முளையிலேயே கிள்ள ஒரு தெய்வக் கட்டளை. இந்தியாவில் பசுவைக் கொல்லாததற்கும் இதே பேனாவால் கணக்கு எழுதியவர் அவர். கணக்கு பெரும்பாலும் சரி. இடிப்பது ஓரிடத்தில்: அந்தக் காலத்து மலைச்சரிவுகளில் கருவாலி மரக்காடுகள் இருந்தன, நிழலும் கொட்டையும் இருந்தன. பன்றிக்குச் சமவெளியைவிட மலைதான் வசதி. சேர்வராயனில் காட்டுப்பன்றியால் கிழங்கு போட முடியவில்லை என்று புலம்புகிற விவசாயியைக் கேட்டால் மலைக்கும் பன்றிக்கும் எவ்வளவு பொருத்தம் என்று சொல்வார்.

மூன்றாவது மேரி டக்ளஸ். காங்கோவில் லெலே மக்களிடையே தங்கி ஆய்வு செய்தவர். அந்த மக்கள் அழுங்கை விசேஷமாகப் போற்றியதைப் பார்த்தார். நம் காடுகளிலும் உள்ள பிராணிதான். மீனைப்போல் செதில், ஆனால் மரமேறும். மனிதரைப்போல் ஒரே குட்டி போடும். எந்த வகையிலும் அடங்காததை மனிதர்கள் ஒன்று கும்பிடுகிறார்கள், அல்லது விலக்குகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. அந்தக் கண்ணோடு லேவியராகமத்தைத் திறந்தார். நீரில் இருப்பது நீந்த வேண்டும், வானத்தில் இருப்பது பறக்க வேண்டும், நிலத்தில் இருப்பது நடக்க வேண்டும். நீரில் இருந்துகொண்டு நடக்கும் நண்டு ஒழுங்கை மீறுகிறது. பிளந்த குளம்பு இருந்தும் அசைபோடாத பன்றி பாதியில் நிற்கிறது. அசைபோடுவதாகத் தோன்றியும் குளம்பில்லாத முயல் இன்னொரு பாதி. முயல் உண்மையில் அசைபோடுவதில்லை. தன் மென்மையான புழுக்கையைத் தானே மறுபடி தின்று செரிக்கிறது, அதன் வாயும் ஓயாமல் அசையும். அதைப் பார்த்து எழுதியவர் வயலோரம் உட்கார்ந்து கவனித்தவர். டக்ளஸின் 'தூய்மையும் அபாயமும்' 1966-இல் வந்து உலகம் முழுக்கப் பாடமானது. பிற்காலத்தில் அவரே அதில் தவறு இருந்ததென்று எழுதி, லேவியராகமத்துக்குப் புது விளக்கம் தேடினார். மாணவர்கள் மட்டும் இன்னும் பழைய விளக்கத்தையே பரீட்சையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பங்குக்கு நான் சொல்வது: காரணம் தேடுவது கடைசியில் நடந்த வேலை. முதலில் பழக்கம். ஆடு மேய்க்கும் மலைக்காரனுக்குப் பன்றி வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே. பிறகு கீழே பெலிஸ்தன் வந்து அதைப் பெருவாரியாகத் தின்றபோது "நாங்கள் தின்பதில்லை" என்பதற்கு ஓர் அர்த்தம் ஏறியது. கி.மு. 586-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமை எரித்து ஆட்களைப் பாபிலோனுக்கு இழுத்துப் போனபோது அரசன் போனான், ஆலயம் போயிற்று, நிலம் போயிற்று. மிச்சமிருந்தது அடுப்பு. பலிபீடத்தின் சுத்தத்தை அடுப்புக்கு இறக்கி, மீன், பறவை, பூச்சி என்று உலகம் முழுவதையும் வகைபிரித்து எழுதி முடித்த ஆசாரியர்கள் அந்தக் காலத்தையும் அதை ஒட்டிய காலத்தையும் சேர்ந்தவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

உயிரைக் கொடுக்கும் விஷயமாக அது மாறியது கி.மு. 167-இல். சிரியாவின் கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகஸ் யூதச் சட்டத்தைத் தடைசெய்து, பன்றிக்கறி தின்னக் கட்டாயப்படுத்தினான். எலெயாசர் என்ற தொண்ணூறு வயது மறைநூல் அறிஞரின் கதை மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது. ஏற்காட்டுக் கத்தோலிக்கர் வீட்டு விவிலியத்தில் அதைப் படிக்கலாம், பக்கத்து சி.எஸ்.ஐ. வீட்டு வேதாகமத்தில் அந்த நூலே கிடையாது. தண்டனை நிறைவேற்ற வந்தவர்கள் எலெயாசருக்குப் பழைய பழக்கம். தனியே அழைத்து, உமக்கு ஆகும் கறியை நீரே கொண்டுவந்து பன்றிக்கறி தின்பதுபோல நடித்துவிடும், பிழைத்துப் போவீர் என்றார்கள். கிழவர் மறுத்தார். தொண்ணூறு வயதில் நடித்தேன் என்றால் இளசுகள் என்னைப் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்பது அவர் பதில். அடித்தே கொன்றார்கள். கறி அங்கே விஷயமே இல்லை; தின்பதுபோல் தெரிவதுதான் விஷயம். மக்களிடையே இந்தச் சட்டங்கள் பரவலாகக் கைக்கொள்ளப்பட்டதற்கு உறுதியான சான்று இந்த மக்கபேயர் காலத்துக்குப் பிறகுதான் கிடைக்கிறது என்று ஆட்லர் வாதிடுகிறார்.

எதிரி கொடுத்த அழுத்தம் பழக்கத்தை அடையாளமாக்கியது. அடையாளமான பிறகு விதி தன்னாலேயே வளர ஆரம்பித்தது. வெள்ளாட்டுக் குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோராவில் மூன்று இடத்தில் வருகிறது. சிரியாவில் உகாரித் நகரத்தைத் தோண்டியெடுத்தபின், 1933-இல் வெளியான ஒரு களிமண் பலகையில் பாலில் குட்டி வேகவைக்கும் கானானியச் சடங்கு ஒன்று இருப்பதாகப் படித்தார்கள். மாற்றார் சடங்கைத் தவிர்க்கத்தான் அந்த விதி, மைமோனிடஸ் அன்றே இப்படி ஊகித்தார் என்று கொண்டாடினார்கள். பிறகு அந்த வரியை அப்படிப் படிப்பதே சரியில்லை என்று கைவிட்டார்கள். இதற்கிடையில் ரபிகள் குட்டியை எல்லாக் கறிக்கும், தாய்ப்பாலை எல்லாப் பாலுக்கும் நீட்டி, கோழியையும் சேர்த்துவிட்டார்கள். கோழிக்கு ஏது பால் என்று கலிலேயாக்காரர் ரபி யோசே கேட்டதும், அவர் ஊரில் கோழியைப் பாலில் சமைத்ததும் பதிவாகியிருக்கிறது. அவர் தோற்றார். கறிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு ஒரு பாத்திரம் என்று யூத அடுக்களை இரண்டாயிற்று.

இந்தச் சட்டம் நம் பக்கம் கப்பலேறி வந்ததற்குச் சாசனமே இருக்கிறது. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. பல்லக்கும் குடையும் பகல்விளக்கும் அதில் உரிமைகளாக வருகின்றன. அந்த வழியில் வந்த கொச்சி யூதர்களுக்குக் கேரளம் ஒரு பெரிய சங்கடத்தைத் தீர்த்து வைத்தது: தேங்காய்ப்பால். கறியில் பால் ஊற்றக் கூடாது என்ற விதி, தேங்காயைப் பிழிந்து ஊற்றுகிற ஊரில் ஒரு விதியாகவே தெரியாது. சாப்பிட்டு முடித்து மோர் ஊற்றிக்கொள்ள முடியாதது மட்டும்தான் குறை. கொங்கணத்தில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரயேலர் எபிரேயத்தையே மறந்துவிட்டவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்துவதால் சனிவார் தேலி என்று பெயர் வாங்கியவர்கள். தாவீது ரஹாபி என்றொருவர் வந்து, இவர்கள் யூதர்தானா என்று பார்க்கப் பெண்களிடம் பலவகை மீனைக் கலந்து சமைக்கக் கொடுத்தாராம். அவர்கள் துடுப்பும் செதிலும் உள்ளதைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை ஒதுக்கினார்களாம். நடந்ததோ இல்லையோ, அந்தச் சமூகத்தார் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை இது. மொழி போனாலும் மீன்கூடை நினைவில் இருந்தது என்கிறார்கள்.

யூதரல்லாத தமிழர்களும் லேவியராகமத்தைக் கையில் எடுத்ததுண்டு. திருநெல்வேலி நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் எழுதிய நூல் அவர்களைப் புண்படுத்தியது. நாசரேத்தில் மிஷனரியோடு மோதி வேலையிழந்த உபதேசியார் அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்டவர், 1857-இல் பக்கத்துப் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தயவில்லாத தனிச் சபை தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், சுத்த விதிகள். பைத்தியக்காரத்தனம் என்று மிஷனரிகள் நினைத்தார்கள். எனக்கு அது மிகக் கூர்மையான யோசனையாகப் படுகிறது. நம் ஊர்த் தீட்டு சாதிக்குச் சாதி மாறும். மேலே இருப்பவன் தொடாததைக் கீழே இருப்பவன் தின்பான், அதை வைத்தே அவனைக் கீழே வைப்பார்கள். லேவியராகமத்தின் தட்டு வேறு. ஆசாரியனுக்குக் கூடுதலாகச் சில விதிகள் உண்டென்றாலும், பன்றி எல்லாருக்கும் பன்றிதான், ராஜாவுக்கும் ஆட்டிடையனுக்கும் ஒரே சட்டம். பிறப்பால் வராத சுத்தம் ஒன்று புத்தகத்தில் இருக்கிறது என்று கண்டால், கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மனிதன் அதைப் பற்றிக்கொள்ளாமல் என்ன செய்வான்?

மற்ற கிறிஸ்தவர்களுக்குப் பேதுரு கதவைத் திறந்துவிட்டார். யோப்பாவில் மாடியில் பசியோடு ஜெபித்துக்கொண்டிருந்தபோது, வானத்திலிருந்து ஒரு பெரிய துப்பட்டி இறங்கி, அதில் ஊர்வன பறப்பன எல்லாம் நெளிய, அடித்துச் சாப்பிடு என்று குரல் கேட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. அடுத்த நாள் அவர் ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்குப் புறப்பட்டார்; மறுநாள் அந்த வீட்டுக்குள் போனார். பன்றி விலக்கு எதற்கு இருந்தது என்பதை அந்தக் கதையைப்போல வேறெதுவும் காட்டிவிடாது. மிருகங்களைப் பற்றிய தரிசனம் யார் வீட்டுப் பந்தியில் உட்காரலாம் என்பதில் முடிகிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பி நட்டதற்குப் பிறகு துரைமார்களும் துறவிகளும் ஏறிவந்த ஏற்காட்டில், கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி வாங்குகிற வீடுகள் அந்தத் துப்பட்டிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

துப்பட்டி இறங்கியும் தீராத ஒரு கேள்வி உண்டு. எருசலேமில் கூடிய சபைத் தலைவர்கள் புறஜாதியாருக்கு நான்கு விலக்குகளை மட்டும் மிச்சம் வைத்தார்கள்: விக்கிரகத்துக்குப் படைத்தது, ரத்தம், நெரிபட்டது, வேசித்தனம். மலையடிவாரத்தில் கோயில் கெடாவெட்டு நடக்கும்போது கிறிஸ்தவச் சொந்தக்காரர்களுக்கும் அழைப்பு வரும். மொய் எழுதியே ஆக வேண்டும், சாப்பிடலாமா? கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று யாராவது சொன்னால் நிறுத்திக்கொள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இங்கே அப்படியே நடக்கிறது. படைத்த ஆடு என்று யாரும் வாய்திறக்க மாட்டார்கள், விருந்தாளியும் கேட்க மாட்டார். சிலர் மட்டும் ரசம் சோறோடு எழுந்துவிடுவார்கள். நான்கில் இரண்டாவது விலக்கை யாரும் கண்டுகொள்வதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் போதகருக்கு அது மனப்பாடம்தான். சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் போட்டு வதக்கிய ஆட்டு ரத்தப் பொரியல் இரண்டு கரண்டி அவர் தட்டிலும் விழுகிறது.